சூளைகளைக் கணக்கெடுங்கள், கணக்கை வெளியிடுங்கள்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கு,

வணக்கம். செங்கற்சூளைகளும் அரிசி ஆலைகளும் சவுக்குத் தோப்புகளும் நிறைந்த தமிழ்நாட்டின் வட மாவட்டங்களை நிர்வகிக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். இருளர் குடும்பங்கள் எதற்காக முன்பணம் வாங்குகின்றன, மேஸ்திரி எப்படி ஆள் பிடிக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழியை நீங்கள்தான் படிக்கிறீர்கள்.

அண்மையில் ஒரு சூளையில் நடந்த விசாரணைதான் என்னை எழுத வைத்தது. புகார் போனதும் அதிகாரிகள் வந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் விசாரணை சூளைக்குள்ளேயே நடந்தது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மேஸ்திரி பக்கத்தில் நின்றார், செங்கல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கை சேறு காய்வதற்குள் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்கள். "அடித்தார்களா? பூட்டி வைத்தார்களா?" இல்லை என்று தலையசைத்தார். "வாங்கிய பணத்தைக் கழித்துவிட்டாயா?" அதற்கு அவர் தலை குனிந்துகொண்டார். கூலித் தகராறு என்று எழுதி முடித்தார்கள்.

அந்தப் பெண்ணின் தாய் இறந்தபோது, கணவரையும் மூத்த மகளையும் சூளையில் நிறுத்திக்கொண்டுதான் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். காரியம் முடியும்வரைகூட அவரால் அங்கே இருக்க முடியவில்லை. மகளை அங்கே விட்டுவிட்டு எந்தத் தாய் இருப்பாள்? "நினைத்தபோது ஊருக்குப் போய்வர முடிகிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அதுவும் முதலாளி இல்லாத இடத்தில் கேட்டிருந்தால், இது வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையும் பூட்டையும் தேடச் சொல்லவில்லை. முன்பணத்துக்கு ஈடாக உழைப்பு, வேறிடம் போக முடியாத நிலை, குறைந்தபட்சக் கூலிகூட இல்லாத வேலை: இவற்றைத்தான் பார்க்கச் சொல்கிறது. கொடுத்த முன்பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 15ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் மீதுதான் சுமத்துகிறது. அப்படியிருக்க, கடனைக் கழித்தாயா என்று உழைப்பவரிடம் ஓர் அரசு அலுவலர் எப்படிக் கேட்கலாம்? அந்தக் கடனே செல்லாது என்று சொல்ல வேண்டியவர் அல்லவா அவர்? கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு தரும் விடுதலைச் சான்றிதழ் கிடைக்காதவருக்கு உடனடி உதவியான 30,000 ரூபாய் வரையிலான தொகையும் இல்லை, மறுவாழ்வும் இல்லை. அடுத்த பருவத்துக்கு அதே மேஸ்திரியிடம்தான் கை நீட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட விசாரணைகள் நடப்பதற்குக் காரணம், யாராவது தொலைபேசியில் புகார் சொன்னால்தான் நிர்வாகம் சூளைக்குள் நுழைகிறது என்பதுதான். ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு சூளையையும் ஆலையையும் தோப்பையும் முறையாகக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

பணமில்லை என்று சொல்ல வழியில்லை. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் கணக்கெடுப்புக்கென்றே ஒரு மாவட்டத்துக்கு 4.5 லட்சம் ரூபாய் ஒதுக்கும் வழி இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அதைப் பயன்படுத்தலாம். 2030க்குள் 1.84 கோடிப் பேரை மீட்போம் என்று ஒன்றிய அரசு அதே 2016இல் அறிவித்தது. 1978 முதல் அதுவரை மறுவாழ்வு பெற்றவர்கள் ஏறத்தாழ 2.82 லட்சம் பேர்தான். எங்கே இருக்கிறார்கள் என்றே எண்ணாமல் இத்தனை கோடிப் பேரை எப்படி மீட்பது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஆண்டுதோறும் ஆள்கடத்தலுக்கு ஓர் எண்ணைத் தருகிறது. அது பதிவான வழக்குகளின் எண். கூலித் தகராறு என்று எழுதி மூடிய கோப்புகள் அதில் வராது. "எங்கள் மாவட்டத்தில் கொத்தடிமையே இல்லை" என்ற பதிலை எத்தனை கூட்டங்களில்தான் கேட்டுக்கொண்டிருப்பது? தேடாதவர்களுக்கு அப்படிச் சொல்ல உரிமையில்லை.

ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் நிலை இதைவிட மோசம். நுவாகாய் என்னும் அறுவடைத் திருவிழாச் சமயத்தில் கணவன், மனைவி, பிள்ளை என மூவரையும் ஓர் அணியாக எண்ணி அங்கே முன்பணம் கொடுக்கிறார்கள். இங்கே வந்தபின் மொழி தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. மீட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று சான்றிதழ் இல்லாமல் ரயில் ஏற்றிவிட்டால், சொந்த மாவட்டத்தில் அவர்கள் எதைக் காட்டி உதவி கேட்பார்கள்?

கோபத்தில் சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். உங்களில் பலர் இரவில்கூடச் சூளைக்கு வந்து மக்களை மீட்டிருக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அந்த அக்கறை ஒரு ஆட்சியரின் பணி மாறுதலோடு போய்விடக் கூடாது என்பதால்தான் எழுத்தில் உள்ள கணக்கைக் கேட்கிறேன். முன்பணம் எவ்வளவு, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது, ஊருக்குப் போய்வர முடிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேளுங்கள். முதலாளியின் கண்ணுக்கு அப்பால் கேளுங்கள். ஒடியா தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு அறிக்கையை மாவட்ட இணையதளத்தில் போடுங்கள்.

பொங்கல் முடிந்ததும் சூளைகளில் வேலை மும்முரமாகிவிடும், மழை வந்தால் குடும்பங்கள் கலைந்துவிடும். இடையில் உள்ள அந்தச் சில மாதங்களுக்குள் கணக்கெடுப்பை முடிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இருளர் குடியிருப்பு ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்