வேப் பேட்டரியின் மேல் உண்மையை அச்சிட வையுங்கள்

மதிப்புக்குரிய அமலாக்க அதிகாரிகளே,

வணக்கம். பினாங்கில் வேப் எனும் மின்சிகரெட் கடைகளைச் சோதனையிடும்போது சாதனத்தில் சிரிம் தர முத்திரை இருக்கிறதா, வாங்குகிறவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்றெல்லாம் பார்க்கிறீர்கள். நல்லது. அதே கண்ணாடிப் பேழையில் பேட்டரிகள் உதிரியாகக் குவிந்து கிடக்கின்றன. தயாரித்தவர் பெயரும், எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று காட்டும் உண்மையான ஆம்பியர் அளவும் இல்லாத பேட்டரியை விற்கவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

என் அக்காள் மகன் பாயான் லெப்பாஸில் இரவு வேலை செய்கிறவன். புதிதாக வாங்கிய பேட்டரியைக் கால்சட்டைப் பையில் வீட்டுச் சாவியோடு போட்டிருந்தான். தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது அது பற்றிக்கொண்டது. தொடையில் தீக்காயம். கட்டு மாற்றும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் போல அழுகிறான். காற்று பட்டாலே எரிகிறது என்று கைலியைக்கூடத் தூக்கிப் பிடித்தபடிதான் நடக்கிறான். நின்றுகொண்டே செய்யும் வேலை என்பதால் காயம் ஆறும்வரை போக முடியாது. மேலதிக நேரச் சம்பளம் போயிற்று. மோட்டார் சைக்கிள் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

கடைக்காரரிடம் கேட்டேன். "பையில் போடச் சொன்னது யார்?" என்றார். போடாதே என்று சொன்னது யார்? சில ரிங்கிட் பெறாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைத்துக் கொடுத்திருக்கலாமே!

18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளதால் அவன் வாங்கிய வகைப் பேட்டரிக்கு 18650 என்று பெயர். இதில் மேல் நுனி மட்டுமே நேர்முனை. உடல் முழுவதும், அந்த நுனியைச் சுற்றியுள்ள விளிம்பு வரையிலும், எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய உறையும் சிறு வளையமும்தான். உறை சற்றுக் கிழிந்திருந்தால், ஒரு சாவி இரு முனைகளையும் இணைத்துவிடும். விற்கிறவருக்குத் தெரிந்த இந்த விஷயம் வாங்குகிறவனுக்குத் தெரிய வழியில்லை.

அவன் வாங்கிய பேட்டரியின் உறையில் 40 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சாம்சங், எல்ஜி, முராத்தா, மோலிசெல் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் பேட்டரிக் கலங்களை வாங்கி, தங்கள் உறையை மாட்டி, வாய்க்கு வந்த எண்ணை அச்சிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சாம்சங் 25ஆர் என்னும் நல்ல கலமே தொடர்ந்து 20 ஆம்பியர் தரத்தான் மதிப்பிடப்பட்டது. அதே நிறுவனத்தின் கொள்ளளவு கூடிய 30கியூ கலம் 15 ஆம்பியர்தான். இந்த அளவுள்ள பேட்டரியில் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது அப்பட்டமான பொய். தரமான கலங்களே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

உறையில் போடும் ஆம்பியர் எண் உயிரோடு விளையாடுவது. முழுதாக ஏறிய கலத்தில் 4.2 வோல்ட் இருக்கும். பாதுகாப்புச் சுற்று இல்லாத, மெக்கானிக்கல் மோட் என்னும் வேப் சாதனத்தில் 0.2 ஓம் மின்தடையுள்ள சூடாக்கும் கம்பிச்சுருளைப் பூட்டினால் 21 ஆம்பியர் இழுக்கும். உறையில் இருக்கும் 40-ஐ நம்பி, 15 தாங்கும் கலத்தைப் போடுகிறவன் கையிலும் வாயருகிலும் வைத்திருப்பது என்ன என்று யோசியுங்கள்.

தலைக்கவசத்துக்குச் சிரிம் முத்திரை கேட்கிற நாடு இது. 2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் அமலில் இருக்கிறது. ஆனால் ஒருவன் தீக்காயத்தோடு வந்தால் "வேப் பிடித்தாய் அல்லவா, அனுபவி" என்கிறார்கள். மருத்துவமனை வரிசையிலும் கேட்டேன், உறவினர் வாயிலும் கேட்டேன். எனக்கும் அந்தப் பழக்கம் பிடிக்காது. அதற்காக, பொய் அச்சிட்ட பொருளை விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவனைக் குற்றவாளியாக்குவது நியாயமா? விற்பனையை அனுமதித்த பிறகு அதன் பாதுகாப்பைப் பார்ப்பது உங்கள் கடமை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். தயாரித்தவர் பெயரும் தொடர்ந்து தரும் ஆம்பியர் அளவும் உறையில் இல்லாத பேட்டரி எதுவும் கடையில் இருக்கக்கூடாது. உறை கிழிந்ததை விற்கக்கூடாது. பெட்டியில்லாமல் ஒன்றைக்கூடக் கையில் கொடுக்கக்கூடாது. அடுத்த சோதனையிலேயே இவற்றைப் பார்க்கத் தொடங்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். ரசீதும் எரிந்த பேட்டரியும் என்னிடம் இருக்கின்றன. எந்த அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு தாய்மாமன்