போர்த்-இ-ராவ் கரையிலிருந்து

செல்வா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. நம் ஜியாலஜி சார் காலமான சேதியை நீ சொன்ன அன்றே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அப்புறம் நாள் ஆக ஆக கூச்சமாகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். குண்டன் இன்னும் உன்னிடம் கடன் கேட்கிறானா?

போன வாரம் வேல்ஸின் தென்மேற்கு மூலையில், செயின்ட் டேவிட்ஸ் பக்கம், போர்த்-இ-ராவ் என்ற சின்ன வளைகுடாவில் இறங்கினோம். காலடியில் உடைந்து கிடந்த ஒரு கறுப்புச் சில்லை மழைநீர் நனைத்திருந்தது. அதில் நெருக்கி அடுக்கிய விலா எலும்பு மாதிரி கண்டம் கண்டமாக ஒரு துண்டு உடல், ஓரமெல்லாம் பின்னால் வளைந்த முள். பாரடாக்ஸைடிஸ் டேவிடிஸ், நம் ட்ரைலோபைட், கல்லாகிப்போன பழங்காலக் கடல்பூச்சி! முழு உடம்பு ஒரு அடிக்கு மேல் வரும். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இதே இனம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், நியூஃபவுண்ட்லாந்தின் அவலோன் தீபகற்பத்திலும் இருக்கிறது. ஆனால் இதே பிரிட்டனின் வடமேற்கு ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டு பழைய கேம்பிரியன் காலப் பாறையைத் தட்டினால் வருவது ஓலெனெல்லஸ் என்ற வேறு ட்ரைலோபைட், சுத்த வட அமெரிக்கச் சாதி. அட்லாண்டிக்குக்கு முன்பே இங்கே ஒரு கடல் இருந்து மூடிப்போயிருக்கும் என்று கனடாவின் புவியியலாளர் டூசோ வில்சன் 1966-இல் எழுதியதற்கு இந்தக் கலவைதான் காரணம். அந்தக் கடலுக்கு ஐயபீட்டஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் தென்கரையில் கிடந்த சின்னக் கண்டம் அவலோனியா.

இனி நம் ஹாஸ்டல் மாடிச் சண்டை. "பாறைக் காந்தம் இருக்கும்போது பூச்சியை ஏன்டா எண்ணுறே?" என்பாயே, நான் விடுவதாக இல்லை. பாறை உருவானபோது அதில் பதிந்த காந்தம் அந்த இடத்தின் அட்சரேகையைச் சொல்லும், தீர்க்கரேகையைச் சொல்லாது. அவலோனியா தென்துருவத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி தள்ளி இருந்தது, சரி, ஆனால் யாருக்குப் பக்கத்தில்? கேம்பிரியனுக்கு அடுத்த ஆர்டோவிசியன் காலத்தின் தொடக்கத்தில் வேல்ஸிலும் பக்கத்து ஷ்ராப்ஷயரிலும் நெசுரேடஸ் என்ற ட்ரைலோபைட் வருகிறது. குளிர்ந்த, ஆழமில்லாத கரைநீரில் வாழ்ந்த பிராணி. பிரிட்டனி, ஸ்பெயின், மொராக்கோ என்று தெற்கே கிடந்த பெருங்கண்டம் கோண்டுவானாவின் ஓரம் முழுக்க அதேதான். இந்தச் சான்று இல்லாமல் நீ எப்படி அவலோனியாவைக் கோண்டுவானாவோடு ஒட்டவைப்பாய்? கரையோரத்து உயிர்களைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதே. முகம் முழுக்கக் கண்ணோடு திறந்த கடலில் நீந்திய சைக்ளோபைஜிடு ட்ரைலோபைட்டுகளை எடுத்துக்கொண்டால் எல்லாக் கரையும் ஒன்றுபோலத் தெரியும். 1982-இல் புதைபடிவ ஆய்வாளர்கள் காக்ஸும் ஃபோர்ட்டியும் பிரிட்டனின் பழைய கடல்களைப் பிரித்துப் பார்த்தபோது, ஆழமும் தூரமும் குழம்பாமல் இருக்க இதைத்தான் கவனித்தார்கள்.

எனக்கு நெஞ்சில் நிற்பது அடுத்த கட்டம். அவலோனியா கோண்டுவானாவை விட்டு வடக்கே நகர, ஐயபீட்டஸ் குறுகிக்கொண்டே வருகிறது. கூட்டமாக மிதந்து திரிந்த கிராப்டோலைட் என்ற சின்னப் பிராணிகளுக்கு அது எப்போதுமே தடையில்லை. பிறகு லார்வா பருவத்தில் நீரோட்டத்தோடு போகக்கூடிய, இரட்டை ஓடு கொண்ட பிரேக்கியோபாடும் ட்ரைலோபைட்டும் கடக்கின்றன, வெகு பிந்தி அப்படி மிதக்கத் தெரியாத ஆஸ்ட்ரகோடு என்ற குட்டி ஓட்டுப் பிராணிகள், கடைசியில் நன்னீர் மீன்கள். இரு கரையிலும் நன்னீர் மீன் ஒன்றானால் நடுவில் கடல் போய்விட்டது என்று அர்த்தம். கோடிக்கணக்கான ஆண்டு நடந்ததை யார் எப்போது கடந்தார்கள் என்பதை வைத்தே படித்துவிடலாம், செல்வா!

இதெல்லாம் நிற்பது ஒரு துண்டுச் சீட்டின் மேல். எந்த ஊர், எந்த அடுக்கு என்று யாரோ எழுதி வைத்ததால்தான் நெசுரேடஸ் பேசுகிறது. அரியலூர்ப் பயணத்தில், காரை கிராமத்தில் நீ ஆசையாய்ப் பொறுக்கிய சுருள் ஓட்டு அம்மோனைட்டைச் சீட்டு இல்லையென்று சார் ஓடையில் வீசினாரே, நீ இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அன்று நானும் உன் பக்கம்தான் இருந்தேன். இப்போது அவர் பக்கம்.

அவர் வீட்டு முன்னறை மரப்பெட்டிகள் என்ன ஆயின? ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் அவர் கையெழுத்தில் சீட்டு இருக்கும். வீட்டை ஒழிக்கிறவர்கள் கல்லைக் கழுவி வைத்துவிட்டு காகிதத்தைக் குப்பையில் போடுவார்கள், அதுதான் பயம். சார் வீட்டம்மாவிடம் சொல்லி இந்த ஞாயிறே போ. எதையும் கழுவ வேண்டாம், பெட்டி பெட்டியாகப் படம் எடுத்து அனுப்பு, சீட்டு தெரியும்படி.

உன்,
ரவி