கொத்தனார் பக்கத்தில் நின்ற ஆர்க்கிடெக்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகச் சென்ற ஞாயிறன்று ஆர்க்கிடெக்ட் படிப்பைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பசுமைக் கட்டடத் துறையில் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லி, வாங்க வேண்டிய சான்றிதழ்களையும் கற்க வேண்டிய மென்பொருள்களையும் விவரித்திருந்தீர்கள். சரி, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த வேலையை வாழ்ந்தே காட்டிய லாரி பேக்கரின் பெயர் எங்கும் இல்லை. அவர் கட்டியவை எங்கள் நாகர்கோவிலிலிருந்து ரயிலேறினால் பார்த்துவிடும் தூரத்தில் இருக்கின்றன.

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, அங்கேயே கட்டடக் கலை படித்தவர். போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். 1945இல் தொழுநோயாளிகளுக்கான கட்டடங்களைக் கட்ட இந்தியா வந்தவர், மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு இமயமலையின் பித்தோராகரில் பல வருடம் இருந்தார். அங்கே மலைக்காரர்கள் கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டும் விதத்தைப் பார்த்துத் தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அப்புறம் கேரளம். 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் மகளைப் போன வருடம் திருவனந்தபுரம் தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்கு அழைத்துப் போனேன். செங்கல் கட்டடம், வட்டமாகச் சுற்றி மேலே ஏறுகிறது. உள்ளே படி கிடையாது, சாய்தளம்தான். அதன் ஓரமாகவே மேசைகள். சுவர் நெடுகச் சின்னச் சின்னத் திறப்புகள். வெளியே பஸ் நிலையத்து வெக்கை, உள்ளே காற்று. அங்கிருந்து, அதே நகரின் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கும் போனோம். அங்கேயும் செங்கல் சல்லடைச் சுவர்கள்தான் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடுகின்றன.

அவர் பரப்பிய 'ரேட் டிராப்' (எலிப்பொறி) சுவர்க் கட்டுமானத்தில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்துவார்கள். சுவருக்குள் வெற்றிடம் விழும். ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுத்துவிடும். கூரைத் தளத்திலும் அப்படித்தான். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டார். சூளையில் எரிவதும் குறையும், சிமெண்டும் குறையும், ஏழைக்குச் செலவும் குறையும்.

2011இல் நான் வீடு கட்டியபோது ஒரு சுவராவது இப்படிக் கட்டலாமே என்று எங்கள் இன்ஜினியரிடம் கேட்டேன். "சுவர் நிக்காது சார்" என்று முடித்துவிட்டார். எங்கள் கொத்தனாரோ திருவனந்தபுரத்தில் இதே வேலையை வருடக்கணக்கில் செய்தவர். இன்ஜினியர் முன்னால் அவர் வாய் திறக்கவில்லை, மறுநாள் தனியாகத்தான் என்னிடம் சொன்னார். இன்று சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டு மாடியில் படுக்க முடியாது.

இதை எழுதவைத்தது அந்தக் கொத்தனாரின் மௌனம்தான். பேக்கர் வேலை நடக்கும் இடத்துக்கே போய், கொத்தனார் பக்கத்தில் நின்று, அங்கேயே வரைபடத்தை மாற்றியவர். உபயோகித்த உறைகளின் பின்பக்கத்தில்கூட வரைவார். 1985இல் அவரும் சேர்ந்து தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்றும் அவர் வழியில் கட்டிக்கொண்டிருக்கிறது. என் மகளின் பாடத்திட்டத்தில் இந்தச் சுவருக்கு ஒரு படம் இருக்கிறது. செங்கல்லைக் கையில் எடுத்து ஒரு வரிசை வைத்துப் பார்க்க இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

கட்டடக் கலைக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் மாணவர்களை ஒரு சுவராவது கட்டவைக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க இந்த வேலை தெரிந்த கொத்தனார்களைச் சம்பளம் கொடுத்து அழைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் அடுத்த கட்டுரைக்கு அவர்களில் ஒருவரையாவது பேட்டி எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்