பாறையில் இருந்ததைத் தாளில் காத்தவர்களுக்கு

வணக்கம். ஆய்வேட்டைப் போன வாரம் ஒருவழியாகக் கொடுத்து முடித்தேன். முன்னுரையில் நான்கு வரி நன்றி இருக்கிறது, ஆனால் அது ஜெர்மனில், எனக்குப் போதவில்லை. மனதில் இருப்பது தமிழில்தான் வருகிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஃப்ரோபேனியஸ் மானிடவியல் ஆய்வு நிறுவனம், 1898இல் மானிடவியலாளர் லியோ ஃப்ரோபேனியஸ் பெர்லினில் தொடங்கிய ஆப்பிரிக்க ஆவணக் காப்பகத்திலிருந்து வளர்ந்தது. 1925இல் இந்த ஊருக்கு வந்தது. பாறை ஓவியங்களைப் பார்த்து வரைந்த நகல்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வண்ணப் புகைப்படம் எளிதில் கிடைக்காத காலம், அதனால் ஓவியர்களையே கூட்டிப்போய்ப் பாறைக்கு முன்னால் உட்காரவைத்து வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் நன்றி, அங்கே படக் காப்பகத்தில் பணிபுரியும் அம்மையாருக்கு. "ஜிம்பாப்வே ஓவியங்கள் எல்லாம் பார்க்க வேண்டும்" என்று எழுதிய எனக்கு, எந்தப் பயணம், எந்த ஆண்டு, யார் வரைந்தது என்று பொறுமையாகத் திருப்பிக் கேட்டு, 1928 முதல் 1930 வரை ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் நடந்த பயணத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்தியவர் அவர்தான்.

அப்புறம் அந்தப் பெரிய தாளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மேசையில் விரித்துக் காட்டிய இருவருக்கும். காவிச் சிவப்பு மனிதர்கள் வரிசையாக ஓடுகிறார்கள், பாறையில் வெடிப்பு விழுந்த இடத்தில் தாளிலும் வெடிப்பு, வண்ணம் உரிந்த இடத்தில் உரிந்தபடியே, ஒரு கால் பாதியில் நின்றுவிடுகிறது, அந்தக் காலை முடித்துவைக்க வேண்டும் என்று வரைந்தவருக்குக் கை துறுதுறுத்திருக்காதா என்று எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது, அவர்கள் அவசரப்படுத்தவே இல்லை.

வரைந்தவர்களில் பலர் பெண்கள். ஆக்னஸ் ஷுல்ஸ், மரியா வையர்ஸ்பெர்க், எலிசபெத் மான்ஸ்டோர்ஃப் ஆகியோர் அந்தப் பயணத்தில் போனவர்கள். 1937இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்த நகல்களை வைத்தபோது ஃப்ரோபேனியஸ் பெயர்தான் பெரிதாக நின்றது. ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, தெரிந்தவரை, வரைந்தவர் பெயரைப் போட்டிருக்கிறேன். அந்தக் குகைகளுக்கு வழி காட்டிய உள்ளூர் மக்களின் பெயர்கள் எனக்குக் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் அப்படியேதான் இருக்கிறது.

1944 குண்டுவீச்சில் நிறுவனத்தின் கட்டடம் அழிந்தது. முன்கூட்டியே வேறு இடங்களுக்கு இந்த நகல்களைக் கொண்டுபோய் வைத்த கைகளுக்கும் என் நன்றி. மூலத்தில் சில ஓவியங்கள் இன்று மங்கிவிட்டன, அவற்றுக்கு இந்தத் தாள்தான் சாட்சி.

கடைசியாக, எங்கள் மாடிவீட்டுப் பாட்டி. பயணக் குறிப்புகளின் நகலை வீட்டுக்கு எடுத்து வந்து பார்த்தால், பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஓர் எழுத்து பிடிபடவில்லை. பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீ 'n' என்று படிப்பதெல்லாம் 'e' அம்மா" என்றார். அந்த ஒரு எழுத்து தெரிந்ததும் மூன்று வாரமாகப் படிக்க முடியாமல் கிடந்த பக்கம் அன்று இரவே படித்து முடிந்தது. அதன் பிறகு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய சமையலறையில்தான் கழிந்தன.

உங்களுக்கென்று ஒரு பிரதி கட்டி வைத்திருக்கிறேன் பாட்டி, இந்த ஞாயிறு மாடிக்கு வருகிறேன்.