மேர்ட்டில் அவெனியூ மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுறன். தமிழ் வாசிக்க உனக்குக் கஷ்டமெண்டு தெரியும். அக்கா வாசிச்சுக் காட்டுவா. கூட்டிக் குறைக்காமல் வாசிக்கச் சொல்லு.

லண்டனுக்கு வந்து நிக்கேக்க என்னை ஹட்டன் குறொஸ் ஸ்ரேசனில இறக்கி, விமானம் இறங்கிறதைப் பாக்கவெண்டு மேர்ட்டில் அவெனியூ எண்ட அந்த ஒழுங்கையின்ர முடிவில இருந்த புல்லுத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கா? "மூண்டு மணிக்குப் பிறகுதான் தெற்கு ஓடுபாதையில இறக்குவினம் மாமா, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" எண்டு சொன்னாய். ஹீத்ரோவைச் சுத்தி இருக்கிற சனத்துக்குச் சத்தம் பாதி நாளாவது குறையட்டுமெண்டு அப்பிடி மாத்துறது நல்ல யோசனைதான். எங்கட ஊரில ஆர் கேட்டது!

அங்க ரெண்டு மூண்டு வெள்ளைக்கார ஐயாமார் அலுமினிய ஏணி கொண்டுவந்து, அதில ஏறி நிண்டு படம் எடுத்துக்கொண்டு நிண்டவை. மழைக்கோட்டு, ரீ போத்தல், விமான நம்பர் எழுதுற கொப்பி. எனக்கு முதல் சிரிப்புத்தான் வந்தது. ஒண்டரை நிமிசத்துக்கு ஒண்டு தலைக்கு மேலால போகத் தொடங்கினாப் பிறகு சிரிப்பு நிண்டிட்டுது. சில்லில இருக்கிற அழுக்கு வரைக்கும் தெரிஞ்சது.

அப்ப நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிண்டபடி, "வாறது நாலு எஞ்சின், பெரிசு" எண்டன். நீ போனைப் பார்த்தாய். எமிரேட்ஸின்ர ஏ380. "எப்பிடி மாமா?" எண்டு கேட்டாய். வயசு போனால் காது நீளுமெண்டு பகிடி விட்டிட்டு விட்டிட்டன். அது இறங்கிப்போய்க் கொஞ்ச நேரத்தால வெறும் வானத்தில பனையோலை கிழிபடுற மாதிரி ஒரு சத்தம். செட்டை நுனியில சுருண்ட காத்து கீழ இறங்குற சத்தமெண்டு நீதான் விளங்கப்படுத்தினாய். அது மட்டும் எனக்குத் தெரியாத சத்தம்.

நீ கேட்டதுக்கு இப்ப மறுமொழி சொல்லுறன்.

நான் சந்தோசமா வெளியில ஓடிவந்து பார்த்த முதல் விமானம் 1987 யூன் 4 ஆம் திகதி வந்தது. எனக்குப் பதினொரு வயசு. இந்தியாவின்ர அன்ரனோவ் 32 சரக்கு விமானம், அஞ்சு. காவலுக்குக் கூட மிராஜ் சண்டை விமானம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குப் பரசூட்டில சாப்பாட்டுப் பொதி இறக்கினவை, எல்லாமாக ஒரு 25 தொன். எங்கட ஊர் கட்டுவன் பக்கம் ஒண்டும் விழேல்லை. ஆனாலும் அம்மம்மா முத்தத்தில நிண்டு கையைக் காட்டிக்கொண்டு நிண்டவ.

பிறகு 1990இல சண்டையால ஊரை விட்டு வெளிக்கிட்டு மானிப்பாயில இருக்கேக்க, பாக்கிறதை விடக் கேக்கிறது பழகினது. சியாமாசெட்டி எண்ட குண்டு போடுற விமானம் இரைஞ்சுகொண்டு குத்தும். ஹெலி தூரத்திலயே காட்டிக்குடுத்திடும். சரக்கு விமானத்தைச் சகடை எண்டு சொல்லுவம். அது உயரத்தில நிண்டு ஆறுதலாச் சுத்தும், உள்ளுக்கிருந்து பீப்பாக் குண்டை உருட்டி விடுவினம். பிறகு 93இல புக்காரா எண்ட இன்னொரு குண்டு விமானம் வந்தது. பக்கத்து வீட்டு மாஸ்ரர் ஒருத்தர் எங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லித் தந்தவர். மேல கறுப்புப் புள்ளி ஒண்டு தெரிஞ்சால் அதைப் பார். அங்கால இங்கால நகர்ந்தால் அது உனக்கில்லை. இடம் மாறாமல் பெருத்துக்கொண்டே வந்தால் பங்கருக்குள்ள குதி. வேற ஒருத்தரும் எனக்குக் கேத்திரகணிதத்தை அவ்வளவு வடிவாப் படிப்பிக்கேல்லை.

மேர்ட்டில் அவெனியூவில இருட்டேக்க கிழக்கால பார்த்தால் மூண்டு நாலு வெளிச்சம், மணி கோத்த மாதிரி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. நீ "வடிவா இருக்கு என்ன மாமா" எண்டாய். ஓம், வடிவுதான். ஆனால் முன்னுக்கு நிண்ட வெளிச்சம் நகரேல்லை. பெருத்துக்கொண்டே வந்தது. குளிருது எண்டு சொல்லி உன்ர தோளைப் பிடிச்சன்.

இதை வாசிச்சுப்போட்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்காதை. இப்ப எங்கட விமான நிலையம், பலாலிக் கதைக்கு வாறன். உன்ர ஹீத்ரோ பயணிகளுக்குத் திறந்தது 1946. அடுத்த வருசம் டிசம்பர் 10 ஆம் திகதி ஏர் சிலோனின்ர முதல் சேவை, ஒரு டக்கோட்டா விமானம், இரத்மலானையில கிளம்பி இங்க இறங்கித்தான் மெட்ராசுக்குப் போனது. காங்கேசன்துறை எண்டு எழுதினாலும் இறங்கினது பலாலியில. உன்ர அம்மப்பா டக்கோட்டா பாக்கவெண்டே சைக்கிள் மிதிச்சவராம். ஏணி கொண்டு போனதாக் கதையில்லை.

இப்ப வாறது ஏரிஆர் 72. காத்தாடி ரெண்டு, செட்டை மேல. 2019 ஒக்ரோபரில சர்வதேச விமான நிலையமெண்டு திறந்தவை. கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பரில திரும்பவும் சென்னையில இருந்து வரத் தொடங்கினது. உன்ர கொப்பியில எழுத நாளுக்கு ரெண்டு மூண்டு நம்பர் கிடைச்சால் பெரிய காரியம். அனேகமா VT எண்ட இந்திய எழுத்திலதான் தொடங்கும். இருந்தாலும் ஒரு வசதி: போனைப் பாக்கத் தேவையில்லை. ஓடுபாதை நம்பர் 27 எண்டால் 270 பாகை, மேற்கு எண்டு நீ சொன்னாயே, இங்க 05உம் 23உம். வடகிழக்கு வாடை அடிச்சால் எங்கட கட்டுவன் பக்கத்தால பணிஞ்சு வரும். தென்மேற்குச் சோளகத்துக்குக் கடலுக்கு மேலால வந்து இறங்கும். விடிய எழும்பி முருங்கை எந்தப் பக்கம் ஆடுது எண்டு பார்த்தால் காணும்.

மார்கழி லீவுக்கு வா. நீட்டுக் கமராவை விட்டிட்டு வா. பக்கத்தில விமானப்படை முகாம், மாமியின்ர காணியும் இன்னும் அந்த வேலிக்குள்ளதான். கொப்பியும் பேனையும் போதும். ஏறி நிக்க ஒண்டும் கொண்டுவர வேண்டாம், எங்கட வளவில தண்ணித் தாங்கி இருக்கு.

மாமா
கட்டுவன்