மாட்டுக்கு ஏன் மாத்திரை இல்லை?

காவேரிப்பட்டணம்

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மாங்காய் சீசன் முடியப்போகிறது. மண்டிக்கு நீலம்தான் வந்துகொண்டிருக்கிறது.

சரி, உன் மாட்டு விஷயம். கன்று போட்டு மாசக்கணக்காகியும் பருவத்துக்கு வராத மாட்டுக்கு டாக்டர் பிறப்புறுப்புக்குள் சிலிக்கோன் சாதனம் வைத்தாரே, அந்த மருந்தையே தவிட்டில் கலந்து கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறாய். என்னிடம் பால் ஊற்றுகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான்.

அதில் இருப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். விழுங்கினால், குடலில் இருந்து வரும் ரத்தம் வேறெங்கும் போகாமல் நேரே கல்லீரலுக்குத்தான் போகும். நம்ம கிருஷ்ணகிரி டோல்கேட் மாதிரி, அதைத் தாண்டாமல் வண்டி நகராது. முதல் சுற்றிலேயே பெரும்பகுதியைச் சிதைத்துப் பித்தத்திலும் சிறுநீரிலும் தள்ளிவிடும். உள்ளே வைத்த சாதனத்தில் இருந்து கசிவது அப்படியில்லை. பொது ரத்தத்தில் கலந்து மூளைக்கும் கருப்பைக்கும் போன பிறகுதான் கல்லீரல் பக்கம் வரும்.

இதை எலியில் காட்டிய விதம் எனக்கு இன்றும் வியப்பு. 1944இல் பிஸ்கிண்ட் என்ற பெயருடைய இருவர், சினைப்பைகளை எடுத்துவிட்ட எலியின் மண்ணீரலில் ஒரு சினைப்பையை ஒட்டவைத்தார்கள். மண்ணீரல் ரத்தமும் கல்லீரலுக்குத்தானே போகிறது! சினைப்பை சுரந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கல்லீரலிலேயே அழிந்தது. சினைப்பையை ஏவுகிற, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கோ எதுவும் வந்து சேரவில்லை. 'போதாது, இன்னும் சுர' என்று விரட்டிக்கொண்டே இருந்தது. சினைப்பை பெருத்துக் கடைசியில் கட்டியே வந்துவிட்டது.

வாய்வழி ஹார்மோனே கிடையாது என்று நினைத்துவிடாதே. 1938இல் ஜெர்மனியில் ஈஸ்ட்ரடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனின் 17ஆம் கார்பனில் ஒரு சின்ன அணுக்கூட்டம் ஒட்டியதும் அது விழுங்கினாலும் தாக்குப்பிடித்தது. பல கருத்தடை மாத்திரைகளில் இன்றும் இருப்பது அதுதான். அமெரிக்காவில் கிடாரிகளுக்குப் புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்யும் மெலெஞ்செஸ்டிரால் அசிடேட்டைத் தீவனத்திலேயே கலக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் மாற்றி வடிவமைத்த வேறு மருந்து.

இன்னொன்று. கறவை நிறைய இருக்கிற மாடு நிறையத் தின்னும்; தின்னத் தின்னக் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும்; தன் உடம்பில் சுரக்கிற ஹார்மோனையே அது வேகமாகக் கரைத்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2002இல் இதை அளந்தே பார்த்தார்கள். அதனால்தான் இந்த மாடுகளுக்குப் பருவ அறிகுறி கொஞ்ச நேரம்தான் தெரிகிறது. விடியற்காலையிலும் ராத்திரியிலும் ஒருமுறை எட்டிப் பார்.

அப்புறம், சாதனத்தில் இருந்து வெளியே தொங்குகிற நைலான் வாலைப் பக்கத்து மாடு கடித்து இழுத்துவிடும். நீளமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி வெட்டிவிடச் சொல். நீயாக அவசரப்பட்டு உருவாதே. எடுக்கும்போது கையுறை கட்டாயம். ஹார்மோன் தோல் வழியாகவும் ஏறும், அதற்குக் கல்லீரல் காவலும் கிடையாது. தங்கச்சி கொட்டகையில் வேலை செய்கிறவளாச்சே, அவளிடம் முக்கியமாகச் சொல்.

மாடு சினை பிடித்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராமமூர்த்தி