வாடிக்கையாளர் எழுந்து போன பிறகு உங்கள் கணினியில் என்ன இருக்கிறது?

குமரி மாவட்டத்தில் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் பக்கங்களில் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். உங்களில் பலருடைய கடைக் கணினிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். "நெட் வருகிறது, சைட் மட்டும் திறக்கவில்லை", "குரோம் சுற்றிக்கொண்டே இருக்கிறது", "சி டிரைவ் சிவப்பாகிவிட்டது" என்றுதான் பெரும்பாலும் அழைப்பீர்கள். வந்து உட்கார்ந்தால் என் கண்ணில் முதலில் படுவது வேறு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊர்க்காரர்களின் ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று எல்லாம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. வளைகுடா வேலைக்குப் போகிற செவிலியரின் சான்றிதழும், தூத்தூர் பக்கத்து மீனவர் ஒருவரின் குடும்ப அட்டையும், கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த மாணவியின் புகைப்படமும் ஒரே இடத்தில். அடுத்து வந்து உட்காருபவர் யாராக இருந்தாலும் அவற்றைத் திறக்கலாம், பென் டிரைவில் எடுத்துப் போகலாம். இதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் நீங்கள் என்னை அழைப்பது பிரவுசருக்காக. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சைட் திறக்கவில்லை என்றதும் முதலில் திரையின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் ஒரு சான்று உண்டு. அந்தச் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் 2009 என்று காட்டினால், இன்றைய தளத்தின் சான்று அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. உடனே இணைப்பு பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்ததுதான் காரணம். கடையில் சிஆர்2032 என்று கேட்டால் தருவார்கள், சொற்ப விலை. நம் ஊரில் இது சீக்கிரம் தீர்வதற்கும் காரணம் இருக்கிறது. ஐப்பசி மழையின் இடிக்குப் பயந்து இரவில் எல்லா பிளக்குகளையும் பிடுங்கி வைக்கிறோம். மின்சாரம் முற்றிலும் நின்றால் கடிகாரத்தை ஓட்டும் பாரம் முழுவதும் அந்தச் சின்ன பேட்டரியின் தலையில் விழுகிறது. பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்த வேண்டாம். இடியில் மோடம் கருகிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். காலையில் தேதியை ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

தேதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால் பிரவுசரின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. அதில் ஓடும் கடைசிக் குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு 2016-லேயே குரோம் கதவைச் சாத்திவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 ஓய்வு பெற்றது 2022 ஜூன் 15-இல். பழைய பிரவுசருக்குத் தெரிந்த பூட்டு முறைகளை இன்றைய தளங்கள் ஏற்பதில்லை. பழைய விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இன்றைய சான்று வழங்குநர்களும் இருப்பதில்லை. 2021 செப்டம்பர் 30-இல் தளங்களுக்கு இலவசமாகச் சான்று தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றுகளுக்குத் துணை நின்ற பழைய வேர்ச்சான்று (மற்றச் சான்றுகளுக்கு அடிப்படையான சான்று) காலாவதியானபோது, அப்டேட் செய்யாத கணினிகளில் ஏராளமான தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. விண்டோஸ் 7-ஐ இன்னும் விட முடியாதவர்கள் ஃபயர்பாக்ஸ் 115-இன் நீடித்த ஆதரவுப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஃபயர்பாக்ஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே கொண்டு வருவதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். வங்கி வேலைக்கு அந்தக் கணினியைக் கொடுக்காதீர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். எச்சரிக்கை வந்ததும் "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போங்கள், ஒன்றும் ஆகாது" என்று வாடிக்கையாளருக்குப் பல கடைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒன்றும் ஆகாமல் இருப்பது பெரும்பாலான நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் தன் வங்கிக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் தட்டச்சு செய்யும் திரையில் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தால், நாளை நிஜமாகவே ஒரு போலித் தளம் வரும்போதும் அவர் அதையே செய்வார். எச்சரிக்கையின் காரணம் தெரியாவிட்டால் "இந்தக் கணினியில் வேண்டாம், பக்கத்துக் கடையில் பாருங்கள்" என்று அனுப்புவதே நேர்மை. ஒரு பிரிண்ட் காசு போகும், பரவாயில்லை.

அதே நெட்டில் கைப்பேசியில் வாட்ஸ்அப் வேலை செய்கிறது, கணினியின் எந்தப் பிரவுசரிலும் ஒரு பக்கமும் வரவில்லை என்றால் கதை வேறு. எப்போதோ வந்த வைரஸோ, பாதியில் நீக்கிய ஏதோ ஒரு மென்பொருளோ பிராக்ஸி அமைப்பை, அதாவது எந்த இடைக் கணினி வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்ற குறிப்பை, மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கும். வைரஸ் போய்விட்டது, அது விட்டுச் சென்ற வழிகாட்டிப் பலகை மட்டும் இல்லாத ஊரை இன்னும் காட்டிக்கொண்டு நிற்கிறது. இணைய அமைப்புகளில் பிராக்ஸியை நிறுத்துங்கள், தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் எண்களைத் தானியங்கி என்று மாற்றுங்கள். 2012 ஜூலை 9-இல் உலகம் முழுவதும் பல கணினிகள் இணையம் இழந்தது இப்படித்தான். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் மாற்றி வைத்த முகவரிகளுக்கு அமெரிக்காவின் எஃப்பிஐ ஏற்பாட்டில் தற்காலிக சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று அவற்றை அணைத்தார்கள். கணினியைச் சுத்தம் செய்யாமல் விட்டவர்கள் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். அரைகுறையாக நீக்கிய ஆன்டிவைரஸும் இதே வேலையைச் செய்யும். ஒன்றை எடுக்காமல் அதன் மேல் இன்னொன்றைப் போட்ட கணினிகளில் அடிக்கடி பார்க்கிறேன். அந்தந்த நிறுவனமே முழுவதும் நீக்குவதற்கென்று தனிக் கருவி தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் லாகின் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தளத்தின் குக்கீயை (லாகினை நினைவில் வைக்கப் பிரவுசர் சேமிக்கும் சிறு தகவலை) மட்டும் நீக்கினால் போதும். மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஓயாமல் பெட்டி எழும்பினால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறார். பிரவுசர் அமைப்பில் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். கணினியை வேகமாக்கும், ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) துடைக்கும் என்று வரும் இலவச மென்பொருள்களைத் தயவுசெய்து போடாதீர்கள். ரெஜிஸ்ட்ரி துடைக்கும் கருவிகளை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. 2017-இல் சிகிளீனர் என்ற புகழ்பெற்ற துடைப்பு மென்பொருளின் ஒரு பதிப்புக்குள்ளேயே திருட்டு நிரல் புகுத்தப்பட்டு, சுமார் இருபது லட்சம் கணினிகளுக்குப் போனது. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க் கிளீனப் போதுமானது. தற்காலிகக் கோப்புகள், பழைய அப்டேட் மிச்சங்கள், முந்தைய விண்டோஸின் ஃபோல்டர் எல்லாவற்றையும் அதுவே எடுத்துவிடும்.

சி டிரைவ் நிரம்பினால் பிரவுசருக்குத் தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லை, அப்டேட் இறங்க இடமில்லை, எல்லாம் திணறும். அந்த இடத்தை அடைத்து வைத்திருப்பதில் பெரும்பங்கு வாடிக்கையாளர்களின் பிடிஎஃப்களும் ஸ்கேன்களும்தான். ஆக, சுத்தம் செய்வதால் உங்களுக்கும் லாபம்.

இதைச் சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன. முதலாவது, "நாங்கள் இன்காக்னிட்டோவில்தான் திறந்து கொடுக்கிறோம்." நல்ல பழக்கம்தான். ஜன்னலை மூடியதும் வரலாறும் குக்கீயும் போய்விடும். ஆனால் இறக்கிய கோப்பு போகாது. இன்காக்னிட்டோவில் இறக்கிய ஆதாரும் அதே டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. நம் ஊரில் ஒருவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் தெரியாதவர் யார்? பூட்டுப் போட்டிருக்கிறது என்று அதை நம்ப முடியாது. பொதுக் கணினியில் மின்-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று ஆதார் ஆணையமே மக்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறது. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரும் அதே தளத்தில் கிடைக்கிறது. முழு எண் கேட்காத இடத்துக்கு அதையே எடுத்துக் கொடுங்கள்.

இரண்டாவது பதில், "போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், அதனால் எதையும் அழிப்பதில்லை." இது தவறான புரிதல். இணைய மையங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள், வாடிக்கையாளரின் அடையாள நகலையும் பதிவேட்டையும் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற பதிவையும் குறைந்தது ஓராண்டு பாதுகாக்கச் சொல்கின்றன. பாதுகாக்க என்றால் உங்கள் கையில், மற்றவர் கைக்கு எட்டாமல். வாடிக்கையாளர் இறக்கிய மதிப்பெண் பட்டியலையும் வங்கி அறிக்கையையும் எல்லோரும் உட்காரும் கணினியில் பரப்பி வைக்க அந்த விதிகள் சொல்லவில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டமும் வந்துவிட்டது.

எங்கெங்கே துடைப்பது? டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ஸ்கேனர் தானாகச் சேமிக்கும் ஃபோல்டர், ரீசைக்கிள் பின். இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பிரிண்டர் வரிசையில் சிக்கிய கோப்பு மறுநாள் காலையில் பிரிண்டரைப் போட்டதும் தானாக அச்சாகி வெளியே வரும். நேற்றைய வாடிக்கையாளரின் தாள் இன்றைய வாடிக்கையாளர் கையில். படிவத்தில் ஓர் எழுத்து தட்டியதும் வேறு யாருடையவோ தொலைபேசி எண்ணும் முகவரியும் கீழே தொங்குகின்றனவே, அது ஆட்டோஃபில். அதையும் கடவுச்சொல் சேமிப்பையும் அணைத்து வையுங்கள். பிடிஎஃப் திறக்கும் மென்பொருளின் "சமீபத்தியவை" பட்டியலில் கோப்பின் பெயரும் ஆளின் பெயரும் நிற்கும். வாட்ஸ்அப் வெப்பில் வாடிக்கையாளர் தன் கணக்கைத் திறந்துவிட்டு அப்படியே எழுந்து போனால், அவருடைய குடும்ப உரையாடல் முழுவதும் உங்கள் திரையில். எழும் முன் வெளியேறச் சொல்லுங்கள். அவர் வயதானவர் என்றால் நீங்களே கூட இருந்து செய்து கொடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குவியல் உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கள், பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். வந்த ஒவ்வொரு ஆவணமும் அந்தப் போனின் கேலரியிலும், அதன் கூகுள் சேமிப்பிலும், கடைக் கணினியின் வாட்ஸ்அப்பிலும் மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் போனைப் பிள்ளைகள் விளையாடக் கேட்கிறார்கள், பழுதுக்குக் கொடுக்கிறீர்கள், மாற்றுகிறீர்கள். கடை எண்ணில் செய்திகள் ஒரு நாளில் தானாக மறையும் அமைப்பைப் போடுங்கள். படங்கள் கேலரிக்குப் போவதை நிறுத்துங்கள்.

தினமும் கையால் அழிப்பது பள்ளிச் சேர்க்கைக் கூட்டத்தின் நடுவே நடக்காது என்பது எனக்குத் தெரியும். விண்டோஸ் 10-இல் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. டவுன்லோட்ஸில் ஒரு நாளுக்கு மேல் தொடாமல் கிடக்கும் கோப்புகளை அழிக்கும்படி அதில் குறித்துவிடலாம். விண்டோஸ் 7-இல் அது இல்லை. கணினி தொடங்கும்போதே அந்த ஃபோல்டரைக் காலி செய்யும் சிறிய பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய .bat கோப்பு) ஒன்றை எழுதி வைக்கலாம், நாலைந்து வரிதான். கடையின் சொந்தக் கணக்கு வழக்குகளை முதலில் வேறு டிரைவுக்கோ வேறு பயனர் கணக்குக்கோ மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். வாடிக்கையாளர் உட்காருவதற்குக் கட்டுப்பாடு உள்ள தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுப்பது இன்னும் நல்லது. அதில் பெரும்பாலான மென்பொருள்களை நிறுவவும் முடியாது.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்துவிட்டதால், புதிதாக வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறீர்கள். தட்டச்சுக்கும் பிரிண்டுக்கும் விண்ணப்பத்துக்கும் மட்டும் என்றால் 4 ஜிபி ரேமும் ஓர் எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை விண்டோஸுக்குப் பதிலாக நிறுவினால் பழைய கணினி இன்னும் பல ஆண்டு உழைக்கும். விரல்ரேகைக் கருவியும் டிஜிட்டல் கையொப்ப டாங்கிளும் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். அந்த வேலைக்கு மட்டும் ஆதரவுள்ள விண்டோஸ் கணினி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் கழிக்கும் நாளில் ஒன்று செய்யுங்கள். பழைய இரும்புக் கடைக்கு எடை போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், குவிக் ஃபார்மட் செய்தாலும் கோப்புகள் உடனே போய்விடுவதில்லை. மேலே வேறு தரவு எழுதப்படும்வரை மீட்கும் மென்பொருள்கள் அவற்றை அப்படியே எடுத்துத் தரும். டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் கருவியை ஓட்டுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் உள்ளிருக்கும் தட்டில் துளையிட்ட பிறகு கொடுங்கள். இதில் எந்த வேலை உங்கள் கணினியில் நடக்கவில்லையோ, அதை உங்களுக்குத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். வழி சொல்வதற்கு நாங்கள் யாரும் கூலி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு கணினிப் பழுதுபார்ப்பவர்